இரு வழி மின்சாரமும் ஒரு வழிப் படமும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன்னர் பேசிய அன்பர்கள் சமயத்தையும் இலக்கியத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி அழகாகப் பேசினார்கள். நானோ மிஷன் பாடசாலையிலே விஞ்ஞானம் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலும் ஒரு மாணவன். விழாவிற்கு ஒரு பேச்சுத் தரவேண்டும் என்று செயலாளர் அண்ணன் என்னைக் கேட்டபோது, "தம்பி, நீ படிக்கிற விஷயத்தையே பேசு, ஆனால் பெரியவர்களுக்கும் விளங்கும்படி பேசு" என்றார். முதலாவது கட்டளை எளியது, இரண்டாவது கடினமானது. இயன்றவரை முயல்கிறேன். குற்றங் குறை காணின் பொறுத்தருளுமாறு வேண்டுகிறேன்.

கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய மின்சார அமைப்பை இக்காலத்தில் பொறியியலாளர் கணினியில் வரைகின்றனர். அதற்கென்று தனி மென்பொருள்கள் உண்டு. அவற்றுட் பல, ஓர் யந்திரத்திற்கு ஒரு மின்வழிதான் இருக்கும் என்ற எண்ணத்தின்மேற் கட்டப்பட்டவை. இரண்டு, மூன்று வழிகளால் மின்சாரம் பெறும் யந்திரத்தை அவற்றிலே சரியாகக் காட்ட முடிவதில்லை. அக்குறையைப் பற்றியும் அதைத் திருத்தும் வகையைப் பற்றியுமே இன்று பேசப் போகிறேன். "தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த விஷயத்தை நான் முதலில் அறிந்தது பல்கலைக்கழகத்தில் அன்று. ஒரு தேயிலை ஸ்டோரிலே, என் சித்தப்பாவின் கையிலே அறிந்தேன்.

சித்தப்பா ஒரு ஸ்டோரில் மின்சார வேலை பார்த்தவர். ஸ்டோரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கு வேண்டாம். நான் யாரையும் குறை கூற வரவில்லை. நான் பத்தாம் வகுப்பில் இருந்த காலம். ஒரு மழைநாள் பிற்பகல் ஊர் முழுவதும் கரண்ட் போயிற்று. கொழுந்து வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகளை இயக்கும் பெட்டியிலே ஒரு கம்பி தளர்ந்திருந்தது. யந்திரங்கள் ஓடாத இந்த நேரத்தில் அதை முறுக்கிவிடலாம் என்று சித்தப்பா எண்ணினார். அவர் அவசரக்காரர் அல்லர். பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். படத்தில் ஒரே ஒரு கோடு. அது பிரதான பலகையிலிருந்து வருவது. அந்த ஆளியை இறக்கினார். சோதனை விளக்கை வைத்துப் பார்த்தார், மின்சாரம் இல்லை. பிறகே கை வைத்தார்.

அதே நேரத்தில், ரோலரிலிருந்து இறங்கிய கொழுந்து அளவுக்கு மிஞ்சிப் புளித்துப் போகுமே என்ற கவலையில், ட்ரையரை ஓட்டுவதற்காக டீமேக்கர் ஜெனரேட்டரை இயக்கச் சொன்னார். அவர் மீதும் தவறில்லை. அவர் கடமையை அவர் செய்தார். ஆனால் அந்தக் காற்றாடிப் பெட்டிக்குள், எச்சரிக்கை மணிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் என்று, ஜெனரேட்டர்ப் பலகையிலிருந்து இன்னொரு கம்பி எப்பொழுதோ இழுக்கப்பட்டிருந்தது. அது படத்தில் இல்லை. ஜெனரேட்டர் உறுமியது, 230 வோல்ற்று சித்தப்பாவின் வலக்கையில் ஏறியது. இறைவன் அருளால் அவர் தூக்கி எறியப்பட்டு உயிர் தப்பினார். இரண்டு விரல்கள் மாத்திரம் இன்றுவரை மடங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தபோது அவர் சொன்னது ஒன்றே: "படத்துல ஒரு கோடுதானப்பா இருந்துச்சு."

அன்பர்களே, அவ்வார்த்தையை நான் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சோதித்துப் பார்த்த பின்னரே அவர் தொட்டார். சோதனை விளக்கு பொய் சொல்லவில்லை. அக்கணத்தில் மின்சாரம் இல்லைதான். சோதனை இப்போது உள்ளதைச் சொல்லும். இனி என்ன வரக்கூடும் என்பதைப் படம் ஒன்றே சொல்லும். அப்படி முன்கூட்டிச் சொல்லவேண்டிய படம் அன்று பேசாது நின்றது.

இனி, நம் பகுதியில் இரு வழி மின்சாரம் எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பழைய தேயிலை ஸ்டோர்களிலே ஓடைநீரால் சுழலும் சக்கரமோ எண்ணெய் இயந்திரமோ ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி ரோலரையும் சல்லடையையும் ஓட்டும். பின்னர்ப் பல தோட்டங்கள் தம் ஓடைகளிலேயே சிறு நீர்மின் யந்திரங்களை வைத்துக்கொண்டன. நீர் வற்றிய மாதங்களில் எண்ணெய் இயந்திரம் கைகொடுத்தது. ஆகவே ஒரு வேலைக்கு இரண்டு சக்தி என்பது மலைநாட்டுக்குப் புதிதன்று.

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வாசித்தார். அக்கனவின் பெரும் பகுதி 1950இல் லக்சபான நிலையமாக நிறைவேறியது. நமக்கு மிக அண்மையில், பலாங்கொடைப் பக்கத்தில், வளவை கங்கையை மறித்துக் கட்டிய சமனலவெவ நிலையம் 1992இல் இயங்கத் தொடங்கியது; அதன் ஆற்றல் 120 மெகாவாற்று. இவ்வாறு பொது மின்சாரம் மலையேறி வந்ததும் தோட்டங்களின் சிறு நீர்மின் யந்திரங்கள் பல கைவிடப்பட்டன. அவற்றுட் சில பிற்காலத்தில் மீண்டும் உயிர்பெற்றன.

ஆயினும் பொது மின்சாரம் ஒன்றையே நம்பி இருக்க முடியவில்லை. 2016 மார்ச்சிலும் 2020 ஆகஸ்டிலும் நாடு முழுவதும் ஒரே வேளையில் இருண்டது. 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் இன்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரையில் மின்வெட்டு இருந்ததை இங்குள்ள குழந்தைகளும் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி மறுபடியும் நாடு இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு நிலைமாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். இலங்கையை அனுமார் எரித்த கதையை அறிந்த நமக்கு அது வியப்பாக இராது! இத்தகைய நாட்டிலே ஸ்டோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் இரண்டாவது மின்வழி ஆடம்பரம் அன்று, அவசியம். இப்பொழுது கூரைமேற் சூரியத் தகடுகளும் வந்துவிட்டன. மூன்றாவது வழியும் பிறந்துவிட்டது.

வழிகள் பெருகின, படம் மாத்திரம் பழைய ஒற்றைக் கோட்டிலேயே நிற்கிறது. ஏன்?

மின்சார வரைவு மென்பொருள்களுட் பல அமைப்பை ஒரு மரமாகக் கருதுகின்றன. வேர் மின்மூலம், அடிமரம் பிரதான பலகை, கிளைகள் உபபலகைகள், இலைகள் விளக்கும் மோட்டாரும். ஒவ்வோர் இலையும் ஒரே கிளையில்தான் தொங்கும். இந்த ஏற்பாட்டிற்கு ஒரு பெரிய வசதி உண்டு. இலைகளின் பாரத்தைக் கூட்டினாற் கிளையின் பாரம் வரும். கிளைகளைக் கூட்டினால் அடிமரத்தின் பாரம் வரும். ஒரு வீட்டிற்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் இது போதும். ஆகையால் மரத்தை நான் இகழவில்லை.

நம் ஊருக்கு வந்த புகைவண்டியும் இப்படித்தான் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குச் சிறுபாதை இரத்தினபுரியைக் கடந்து ஓப்பநாயக்க வரை 1919இல் நீண்டது. 1976இல் இந்தப் பகுதி மூடப்பட்டது. அது இருந்த காலத்தில் ஓப்பநாயக்க கடைசித் தரிப்பிடம். ஒரே பாதை, வந்த வழியேதான் திரும்பவேண்டும். வழியில் எங்கே மண்சரிந்தாலும் இங்கே வண்டி இல்லை. ஒற்றைப் பாதை ஊரின் கணக்கு எளிது. இரு பக்கமும் பாதையுள்ள சந்தி நிலையத்தின் கணக்கு வேறு. சந்தியையும் கடைசித் தரிப்பிடத்தையும் ஒரே ஏட்டில், ஒரே மாதிரி எழுத முயன்றாற் குழப்பம் நேரும் அன்றோ?

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். ஒரு குடும்பப் பதிவுப் பாரம் இருக்கிறது. அதில் தகப்பன் பெயருக்கு மாத்திரம் ஒரு கோடு. தாயின் பெயருக்கு இடமில்லை. அப்பாரத்தை வைத்துக் கல்யாணத்திற்கு அழைப்பிதழ் எழுதினால் என்னவாகும்? தாய்மாமன் வீட்டிற்கு அழைப்புப் போகாது. சீர் கொண்டுவர வேண்டியவர் வாசலில் கோபித்து நிற்பார். தாய்மாமன் இல்லாமலில்லை, பாரத்தில் இடம் இல்லை. இரண்டாவது மின்வழியும் அத்தகையதே. படத்தில் இடமில்லாத காரணத்தால் அது இல்லாமற் போகாது. அழைக்காமலே வந்து நிற்கும்.

மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு வரைவுப் பயிற்சி தரப்பட்டது. நான் சித்தப்பாவின் பெட்டியையே வரைய எண்ணினேன். முதற் கோட்டை இணைத்தேன். இரண்டாவதை இணைக்கப் போனபோது, இச்சாதனம் முன்னரே இணைக்கப்பட்டுவிட்டது என்று கணினி மறுத்தது. சிறிது நேரம் என் கை அசையவில்லை. அப்பழைய படத்தை வரைந்தவர் கையால் வரைந்தாரோ கணினியில் வரைந்தாரோ, அவர் மனத்தில் இருந்ததும் இதே ஒற்றைக்கோட்டுப் பாரந்தான் என்று அப்பொழுது உணர்ந்தேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட மின்வழியுள்ள சாதனங்கள் ஒரே வகையின அல்ல. அவற்றைப் பிரித்து அறிந்தாலே மருந்தும் விளங்கும்.

முதல் வகை மாற்று ஆளி. பொது மின்சாரம் ஒரு பக்கம், ஜெனரேட்டர் மறு பக்கம். உள்ளே வருவன இரண்டு, வெளியே போவது ஒன்று. இதில் ஒன்று இருக்கும்போது மற்றது இருக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நாசம். இந்த ஆளி இல்லாமல், இரு முனையிலும் ஆண்முளை வைத்த ஒரு கம்பியால் ஜெனரேட்டரை வீட்டுச் சுவரில் செருகுவோரும் உண்டு. அம்மின்சாரம் வீட்டோடு நிற்காது. வெளியே ஓடி, வீதியிலுள்ள நிலைமாற்றியைப் பின்புறமாகச் சென்றடைந்து, அங்கே 11,000 அல்லது 33,000 வோல்ற்றாக உயர்ந்து கம்பியில் ஏறும். மின்வெட்டு என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒரு தாயின் பிள்ளை என்ன ஆவான் என்று எண்ணிப் பாருங்கள். தயவுசெய்து ஒருவரும் அவ்வாறு செய்யாதீர்கள்.

இரண்டாம் வகை இரட்டைக் கம்பிச் சாதனம். வங்கிகளிலும் தொலைபேசி நிலையங்களிலும் உள்ள பெரிய கணினிகள் இரண்டு கம்பிகளால் ஒரே வேளையில் மின்சாரம் எடுக்கும். இதைத் தேரின் வடத்தோடு ஒப்பிடலாம். இரண்டு வடங்களாலும் தேர் இழுக்கப்படுகையில் ஒவ்வொன்றும் பாதிப் பாரம் தாங்கும். ஒன்று அறுந்தால் மற்றது முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும். பாதிப் பாரத்திற்கென்று வடம் திரித்தால், ஒன்று அறுந்த மறுகணமே மற்றதும் அறும். ஒரு கணக்கைப் பாருங்கள். 10 கிலோவாற்றுச் சாதனம் ஒன்று 230 வோல்ற்றில் இரண்டு கம்பிகளால் ஓடினால் ஒவ்வொரு கம்பியிலும் ஏறத்தாழ 22 அம்பியர் ஓடும். 32 அம்பியர்ச் சுற்றுடைப்பான் போதும் என்று தோன்றும். ஒரு பக்கம் நின்றதும் மறு பக்கம் 43 அம்பியர் ஆகிவிடும். அந்த உடைப்பானும் விழுந்துவிடும். காப்பாற்ற வந்த இரண்டாவது வழி முதலாவதோடு சேர்ந்தே போயிற்று!

மூன்றாம் வகை சித்தப்பாவின் பெட்டி. மோட்டாருக்கு ஒரு வழி, கட்டுப்பாட்டுக் கருவிக்கு வேறு வழி. இரண்டும் வெவ்வேறு அளவு, வெவ்வேறு வேலை. ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது.

நான்காம் வகை கொடுக்கவும் வாங்கவும் வல்லது. சூரியத் தகட்டோடும் மின்கலத்தோடும் இணைந்த மாற்றி பகலில் மின்சாரத்தைக் கொடுக்கும், இரவில் வாங்கும். மரத்திலே இலை வேராகவும் மாறுவதை யார் கண்டார்?

இந்த நான்கையும் ஒற்றைக்கோட்டு மென்பொருளில் வரைய நேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் ஒரே யந்திரத்தை இரண்டு முறை வரைகிறார்கள். 30 கிலோவாற்றுப் பெட்டி கணக்கிலே 60 ஆகிவிடுகிறது. அதனால் வேண்டாத பெரிய நிலைமாற்றியை வாங்கிப் பணத்தை வீணாக்குகிறார்கள். சிலர் ஒரு முறை மாத்திரம் வரைகிறார்கள். அப்பொழுது ஜெனரேட்டர்க் கணக்கிலே அப்பெட்டி சைபர். சிறிய ஜெனரேட்டர் வாங்கப்படுகிறது. மின்வெட்டு வந்த நாளில் அது திணறி நின்றுவிடுகிறது. இன்னுஞ் சிலர், கணக்கில் சேராத ஒரு வெறும் கோட்டைக் கீறி வைக்கிறார்கள். கண்ணுக்குக் கோடு உண்டு. கணினிக்கு அது இல்லை. அடுத்த முறை யாராவது படத்தைத் திருத்துகையில் அந்தக் கோடு மெல்ல மறைந்துவிடுகிறது.

பாரக் கணக்கு மாத்திரம் பிழைப்பதில்லை. கம்பி உரசிக் குறுஞ்சுற்று நேரும்போது பொது மின்சாரம் மிகப் பெரிய ஓட்டத்தைத் தரும்; உடைப்பான் உடனே விழும். ஜெனரேட்டரால் அவ்வளவு பெரிய ஓட்டத்தைத் தர இயலாது. ஆகவே பொது மின்சாரத்திற்கென்று அமைத்த உடைப்பான், ஜெனரேட்டர் ஓடும்போது தாமதமாக விழலாம். அந்தத் தாமதத்தில் கம்பி எரியும். இரு நிலையையும் தனித்தனியே கணக்கிடாமல் இந்த அபாயத்தைக் காண முடியாது.

இதற்கு வேண்டிய கணிதம் இல்லையோ என்று நீங்கள் ஐயுறலாம். கணிதம் வெகு காலத்துக்கு முன்னரே ஆயத்தமாயிற்று. கொனிக்ஸ்பேர்க் என்னும் ஐரோப்பிய நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து நகரைச் சுற்ற முடியுமா என்ற வினாவுக்கு ஒயிலர் என்ற கணித மேதை 1736இல் விடை கண்டார். இடங்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் எண்ணும் கணிதம் அங்கே பிறந்தது. அதே நகரில் பிறந்து, அதே நகரின் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த கேர்க்கோப்பு என்பவர், 1845இல், எத்தனை வழிகள் பின்னிக் கிடந்தாலும் ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் விதிகளை வகுத்தார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று! இங்கே அமர்ந்திருக்கும் வாலிப நண்பர்கள் அந்த வயதைக் கவனிக்க வேண்டும். 1967இல் ரின்னி, ஹாட் என்ற இருவர், பெரிய மின்வலைகளின் ஓட்டத்தைக் கணினியில் விரைந்து தீர்க்கும் முறையை வெளியிட்டனர். ஆகவே தடை கணிதத்தில் இல்லை. பாரத்தின் அமைப்பில் இருக்கிறது.

பாரத்தை எப்படித் திருத்துவது? நான் படித்தவற்றையும், நானும் சக மாணவர் இருவரும் ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தபோது கற்றவற்றையும் சேர்த்து, ஐந்து கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, சாதனம் வேறு, அதன் முனை வேறு என்று பிரிக்கவேண்டும். சாதனத்திற்கு எத்தனை முனைகள் வேண்டுமாயினும் இருக்கலாம்; ஒவ்வொரு முனையும் ஒரு சந்தியில் சேரும். இது என் கண்டுபிடிப்பு அன்று. பெரிய மின்வலைகளை நடத்துவோருக்காக வகுத்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 61970 என்ற நியமம், சாதனம், முனை, சந்தி என்றே பிரித்துக் காட்டுகிறது. கட்டட விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் நியமமும் 2013இல் 16739 என்ற எண்ணோடு சர்வதேச நியமமாயிற்று. அது ஒவ்வொரு முனையையும் கொடுப்பது, வாங்குவது, இரண்டும் செய்வது என்று வகுக்கிறது. நல்ல வழி உலகில் இருக்கிறது; அன்றாட வரைவு மென்பொருள்கள் அனைத்தும் அதை முழுமனதோடு கைக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இரண்டாவது, ஒவ்வொரு முனைக்கும் அதன் கடமையை எழுதவேண்டும். வழக்கமான வழியா, காவல் வழியா, கட்டுப்பாட்டு வழியா, பாதிப் பாரம் சுமப்பதா, தனித்து நின்றால் முழுப் பாரமும் சுமக்க வேண்டியதா என்பன அங்கே தெரியவேண்டும். எவை இரண்டும் ஒருபோதும் சேரக்கூடாது என்ற தடையும் சாதனத்தின் குணமாக எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பாரம் யந்திரத்திற்கு உரியது; கம்பிக்கு உரியதன்று. யந்திரத்தில் ஒரே முறை எழுதவேண்டும். எந்தக் கம்பி எவ்வேளை எவ்வளவு சுமக்கும் என்பதைக் கணினி பகிர்ந்துகொள்ளட்டும். அப்பொழுது 30 கிலோவாற்று 60 ஆகாது, சைபரும் ஆகாது.

நான்காவது, நிலைகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும். பொது மின்சாரம் உள்ள நிலை, ஜெனரேட்டர் ஓடும் நிலை, ஒரு கம்பி பழுதான நிலை என்று தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு கம்பிக்கும் எது மிகக் கடினமான நிலையோ அதற்கேற்பக் கம்பியைத் தேரவேண்டும். இரு பக்கம் மாறும் ஆளி மூன்று இருந்தால் எட்டு நிலைகள். பத்து இருந்தால் 1024 நிலைகள். மனிதன் களைத்துவிடுவான், கணினி களைக்காது. அதற்காகத்தானே அதை வாங்கினோம்?

ஐந்தாவது கருத்தே என் நெஞ்சுக்கு மிக நெருங்கியது. படத்தைப் பின்புறமாகவும் கேட்க வேண்டும். இந்த யந்திரத்திற்கு எங்கிருந்து மின்சாரம் கொடுக்கலாம் என்று மாத்திரம் பொறியியலாளர் கேட்கிறார். பழுது பார்ப்பவர் கேட்கும் கேள்வி வேறு: "இதில் ஒரு துளி மின்சாரமும் வராமல் இருக்க நான் எந்தெந்த ஆளிகளை இறக்கிப் பூட்டவேண்டும்?" ஒவ்வொரு முனையிலிருந்தும் மேல்நோக்கி நடந்து, வழியில் உள்ள ஆளிகளைத் திரட்டி, ஒரு பட்டியலாகத் தருவது கணினிக்குச் சிறு வேலை. அப்பட்டியலை அச்சிட்டுப் பெட்டியின் வெளிக் கதவில் ஒட்டவேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டவேண்டும். "கவனம்: இப்பெட்டிக்கு இரண்டு மின்வழிகள் உண்டு" என்ற ஒரு தமிழ் வரி அன்று இருந்திருந்தால், என் சித்தப்பா இன்றைக்கும் அவர் விருப்பம்போல மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார்.

நாங்கள் எழுதிய சிறு நிரலில் அவர் பெட்டியை மறுபடி வரைந்தோம். இம்முறை இரண்டு கோடுகளும் ஏறின. எதையெதை இறக்கவேண்டும் என்று கேட்டோம். இரண்டு ஆளிகளின் பெயர்கள் திரையில் வந்தன. விடுமுறையில் அந்தக் காகிதத்தைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது அந்தப் புதுப் பையனுக்குக் கிடைக்கும்படி பண்ணு ராசா" என்றார். அவருக்குப் பின் அவ்வேலைக்கு வந்த பையனைத்தான் சொன்னார். தம் விரல்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே பெரியோர்கள் இரண்டு ஆட்சேபங்கள் கூறலாம். ஒன்று: "கவனமுள்ள வேலைக்காரன் இருந்தால் மென்பொருள் எதற்கு?" கவனத்திற்கு மாற்றாக எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆளியை இறக்கு, பூட்டுப் போடு, சாவியை உன் பையில் வை, சோதித்துப் பார், பிறகு தொடு என்ற ஒழுங்கு என்றும் வேண்டும். ஆனால் எதைப் பூட்டவேண்டும் என்று அறியாதவன் எவ்வளவு கவனமாகப் பூட்டி என்ன பயன்? இரண்டாவது ஆட்சேபம்: "எல்லாவற்றுக்கும் பல முனைகள் கொடுத்தால் எளிய வீட்டுப் படமும் சிக்கலாகுமே?" இதிலும் நியாயம் உண்டு. ஆகையால் ஒரு முனைதான் வழக்கமாக இருக்கட்டும். வேண்டியபோது மாத்திரம் இரண்டாவது திறக்கட்டும். தாய்மாமன் இல்லாதவர் அந்தக் கோட்டை வெறுமையாக விட்டுவிடலாம். ஆனால் கோடு பாரத்தில் இருக்கவேண்டும்.

வாலிப நண்பர்களே, நமக்கு இதில் என்ன வேலை? மூன்று வேலைகள் உண்டு. முதலில், உங்கள் அப்பாவோ அண்ணனோ வேலை செய்யும் இடத்தில் இரண்டு மின்வழியுள்ள பெட்டிகள் எத்தனை என்று கேட்டு, பொறுப்பானவர்களின் அனுமதியோடு, படத்திலே எத்தனை கோடுகள் உள்ளன என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் திறப்பது பயின்றவர் வேலை. கேட்பது நம் வேலை. அடுத்து, மின்சாரம் படிக்க விரும்பும் தம்பி தங்கையருக்கு ஒரு செய்தி. இன்று பணம் கொடுக்காமலே பெற்றுப் படிக்கக்கூடிய, உள்ளமைப்பைத் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருள்கள் உண்டு. அமெரிக்காவிலுள்ள மின்சக்தி ஆராய்ச்சி நிறுவகம் 2008இல் அவ்வாறு திறந்துவிட்ட ஓப்பன் டி.எஸ்.எஸ். என்பது ஒன்று. அதில் ஒரு நிலைமாற்றியின் ஒவ்வொரு சுருளையும் தனித்தனிச் சந்தியில் இணைக்கலாம். லயத்தில் வளர்ந்த பிள்ளையும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம். மூன்றாவதாக, எச்சரிக்கைப் பலகைகளுக்கு வேண்டிய தமிழை நாமே எழுதிக் கொடுக்கலாம். தெளிவான தமிழ், பெரிய எழுத்து, ஒரே வரி. இலக்கியத் தொண்டு என்பது கவிதை எழுதுவது மாத்திரம் அன்று.

அன்பர்களே, நம் முன்னோர் இந்த மலைகளில் வெட்டிய பாதைகளுக்கும் நட்ட செடிகளுக்கும் படத்திலே பெயர் இல்லை. உழைப்பவரைப் படத்தில் விட்டுவிடுவது பழைய வழக்கம். குறைந்தது, அவர்கள் உயிருக்கு உலை வைக்கக்கூடிய கம்பியையாவது படத்தில் விடாமற் போடுவோம். மென்பொருள் எழுதும் கை நம் வீட்டுக் கையாக இருக்குமானால், அப்பெட்டியைத் திறக்கப்போகும் கை யாருடையது என்பதை அது மறவாது.